கால் மணி முந்திய கடிகாரம்

"பஸ் போயிருச்சாங்க?"

மூச்சு வாங்க ஓடி வந்தவள் யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. கொடைக்கானல் பஸ் நிலையத்தில், அந்த ஐப்பசி மதியத்தில், கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து நின்றிருந்தது மகேந்திரன் ஒருவன்தான். அதனால் அவனே பதில் சொன்னான்.

"எந்த பஸ்?"

"மன்னவனூர்… மூணு மணி பஸ்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் வரலைங்க. மணி ரெண்டு அம்பதுதான் ஆகுது."

அவள் முகத்தில் வழிந்த மழையைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். இமைகளில் மட்டும் நாலைந்து துளிகள் துடைபடாமல் நின்றன. பெரிய கண்கள்… ரொம்ப நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மகேந்திரன் பார்த்தான். பிறகு வெட்கப்பட்டுப் பார்வையை இறக்கி, அவள் கையிலிருந்த பழைய போனைப் பார்த்தான். கீறல் விழுந்த அதன் முகத்தில் மணி மூன்று ஐந்து.

"உங்க போன்ல நேரம் தப்பா இருக்குங்க."

"தப்பு இல்ல. கால் மணி நேரம் முந்தி வச்சிருக்கு."

"வச்சிருக்கா? யாராவது வேணும்னே தப்பா வைப்பாங்களா? ஒரு தட்டு தட்டினா சரியாயிரும். கொடுங்க, நானே…"

"தொடாதீங்க!"

போனை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஓரடி பின்னால் போனாள். ஒழுகும் கூரைக்கு நேர் கீழே… தலையில் சடசடவென்று தண்ணீர் கொட்டியது. நகரவில்லை.

"கடிகாரத்தைச் சரியா வை! இதையே எனக்கு ஏற்கெனவே ஒரு மகராசன் சொல்லிட்டான். நீங்க ரெண்டாவது."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேரம் சொன்ன புண்ணியத்துக்கு இப்படியா என்று மகேந்திரன் திருதிருவென விழித்தான். குடையை நீட்டினான்.

"நனையுறீங்க…"

"நனைஞ்சது நனைஞ்சாச்சு. இனி குடை எதுக்கு?"

பஸ் வந்தது. ஏறிப் பார்த்தால் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். அதிலும் ஒரு பை உட்கார்ந்திருந்தது. பைக்குப் பக்கத்தில் அவள்.

"இந்தப் பைக்கும் டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். ஆனால் கண்கள் யார் பேச்சைக் கேட்டன? சிரித்துவிட்டன. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மருந்து மாத்திரைகள் நிறைந்த பை.

மழை ஜன்னலை அடித்துக்கொண்டே வந்தது. தைல மரங்கள் மூடுபனிக்குள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவள் பெயர் நதியா என்று கண்டக்டர் பழனிக்குமார் கூப்பிட்டதிலிருந்து தெரிந்துகொண்டான். 'அப்பா எப்படியிருக்காரு நதியா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவர் போய்விட்டார். பதில் எல்லாருக்கும் தெரிந்தது போலிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. எங்க ஊருல எல்லா வீட்டுக் கடிகாரமும் கால் மணி நேரம் முந்திதாங்க ஓடும்," என்றாள் அவளே. "காலையில டவுனுக்கு ஏழு மணிக்கு ஒரே பஸ்ஸு. விட்டா அன்னைக்குச் சோலி கெட்டுச்சு. அதான் ஊரே முள்ளத் தள்ளி வச்சுக்கிரும். போன்லயும் அப்படித்தான்."

மகேந்திரன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த வாக்கியத்தை அவன் ஏற்கெனவே படித்திருக்கிறான்.

கொடைக்கானல் ஏழு ரோட்டுச் சந்திப்பில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் உட்கார்ந்து ஓட்டல்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவன் தொழில். அது போக அவன் செல்லமாக வளர்த்த பிள்ளை ஒன்று உண்டு. 'பெரட்டு' என்று பெயர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் ஆப்பில் போட்டுக்கொள்ளக்கூடிய நிரல்… அவர்கள் பாஷையில் லைப்ரரி. ஒரு ஆப்புக்குள் நுழைந்ததும் அது நம் போனுக்கு ஒரு டோக்கன் கொடுக்கும். பழனி மலையில் கொடுக்கும் சிறப்பு தரிசனச் சீட்டு மாதிரிதான். இன்னார், இத்தனை மணி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். செல்லுகிற டோக்கனை உள்ளே விடுவதும், நேரம் தாண்டியதை வெளியே தள்ளுவதும் பெரட்டின் வேலை.

போன ஆனி மாதம் அதன் கண்டிப்பைக் கூட்டினான். டோக்கனுக்கு ஆயுள் பதினைந்து நிமிடம். அதைப் போனில் ஓடும் நேரத்தை வைத்தே சோதிக்கும். ஆடியில் 'மலைப்பூண்டு' என்ற பெயரில் யாரோ ஒருவர் புகார் எழுதினார். 'எங்கள் ஊரில் கடிகாரங்கள் கால் மணி நேரம் முந்தி ஓடும். கொடுத்த நொடியே டோக்கன் செத்துப்போகிறது. கொஞ்சம் சலுகை வையுங்கள்.' அவன் சிரித்தான். 'கடிகாரத்தைச் சரியாக வையுங்கள். இது என் பிழை இல்லை' என்று எழுதிப் புகாரை மூடினான். மலைப்பூண்டு விடவில்லை. ஒன்பது நாள் சண்டை. கடைசியில் யாரும் பதில் எழுத முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டு, ஜெயித்த சந்தோஷத்தில் கீழே போய் ஒரு பப்ஸ் கூடுதலாகச் சாப்பிட்டான்.

அந்த மலைப்பூண்டு இப்போது ஈரத் துப்பட்டாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"நீங்க… என்ன வேலை பாக்குறீங்க?" தெரிந்துகொண்டே கேட்டான்.

"கோயம்புத்தூர் கம்பெனிக்கு வெப்சைட் வேலை. ஊருல டவர் இழுத்து இழுத்துதான் கெடைக்கும். அதான் இங்க ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஊருக்குப் போவேன். நீங்க?"

"நானும் வெப்சைட்தான். பூம்பாறையில ஒரு ஹோம்ஸ்டேக்கு…"

"அட, நம்ம ஆளு!" என்றாள். அந்தக் கண்களில் முதன்முறையாக ஒரு வெளிச்சம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது… பூம்பாறையும் வந்தது. இறங்கிவிட்டான்.

ஹோம்ஸ்டே வேலை மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் அவன் சனிக்கிழமைகளில் பூம்பாறைக்குப் போனான். அங்கே இறங்கி ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பி வருவான். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது சனிக்கிழமை தயங்கித் தயங்கிக் கேட்டான். "அன்னைக்கு ஒரு மகராசன்னு சொன்னீங்களே… யாருங்க அது?"

நதியா ஜன்னலில் படிந்த ஆவியை விரலால் துடைத்தாள். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. வெறும் பனி.

"எங்க ஊருக்கு ஒரு ஜீப் ஆப் பண்ணுனேங்க. அதுக்குள்ள அந்த மகராசன் எழுதுன லைப்ரரியத்தான் போட்டிருந்தேன். ஊருல ஜீப்பு மூணுதான். யாருக்காவது முடியலைன்னா ஒரு பட்டனை அமுக்குனா, எந்த ஜீப் சும்மா கெடக்கோ அந்த டிரைவருக்கு மணி அடிக்கும். அதுக்கு முந்தியெல்லாம் டிரைவருங்க நம்பரை எங்கம்மா அடுப்படிச் சுவத்துல கரியால எழுதி வச்சிருந்தாங்க. ஆப்புதான் வந்துருச்சேன்னு பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில அதையும் சேத்து அடிச்சிட்டோம்."

மடியிலிருந்த பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள்.

"ஆடியில ஒருநாள் வெள்ளனே பூண்டுக் காட்டுக்குப் போன அப்பா வரப்புல விழுந்துட்டாரு. வாய் கோணிருச்சு. அம்மா, அப்ப வீட்டுல கெடந்த இந்தப் போனை எடுத்து அமுக்குறாங்க… உள்ள விடுது, உடனே வெளிய தள்ளுது. மறுபடி அமுக்குறாங்க. மறுபடியும் தள்ளுது. கடைசில நம்பர் தேடிச் சுவத்தப் பாத்திருக்காங்க. சுவரு வெள்ளையா கெடக்கு. அப்புறம் ஓடிப்போய் ஞானவேல் அண்ணன் ஜீப்பைக் கூட்டியாரதுக்குள்ள நாப்பது நிமிஷம். வெரசா கொண்டாந்திருந்தா பேச்சாச்சும் மிஞ்சியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

மகேந்திரன் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அந்த ஆள் எதிர்ல வந்தா… என்ன செய்வீங்க?"

"சண்டையெல்லாம் போட மாட்டேங்க. எங்கப்பா பேரு சின்னச்சாமி. அதை ஒரே ஒரு தடவை அவன் வாயால சொல்லச் சொல்லுவேன். அவனுக்கு நாங்க மனுஷங்களே இல்ல. நூத்திப் பன்னெண்டாம் நம்பர் புகார். அவ்வளவுதான்."

அன்று பூம்பாறையில் டீ இறங்கவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாகப் பெரட்டில் இருபது நிமிடச் சலுகையைச் சேர்த்தான். இரண்டே வரி. மாற்றத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டான். கோழைத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவள் பக்கத்து சீட்டில் பையை வைத்து அவனுக்காக இடம் பிடித்திருந்தாளே… 'டிக்கெட் எடுக்காத பை, சீக்கிரம் உக்காருங்க' என்று சொல்லிச் சிரித்தாளே… அந்தச் சிரிப்பை அணைக்க எவனுக்கு மனசு வரும்?

நதியாவுக்கும் என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் மனம் தானாக லேசாகியது. அவன் பேசும்போது நேராகப் பார்க்க மாட்டான். பார்த்தால் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொள்வான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா விழுந்த பிறகு அவளிடம் யாரும் சாதாரணமாகப் பேசியதில்லை. இவன் பேசினான்… மலைப்பூண்டு உரித்தால் கை எத்தனை நாள் மணக்கும் என்றெல்லாம் கேட்டான்.

ஆறாவது சனிக்கிழமை மழை மலையையே கரைத்துக்கொண்டிருந்தது. பூம்பாறைக்கு முந்திய வளைவில் ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. பஸ் நின்றது. பாதிப் பேர் இறங்கி ஓரத்து டீக்கடைக்குள் ஒதுங்கினார்கள். ஒரே குடையில் இவர்கள் இரண்டு பேர். அவள் தோள் நனையாமலிருக்க அவன் முழுசாக நனைந்தான்.

"குடை எதுக்குன்னு அன்னைக்கு பெருசா பேசுனீங்க?"

"அது அன்னைக்கு," என்றாள் அவள், மழையைப் பார்த்துக்கொண்டே. காது நுனி சிவந்தது.

அப்போதுதான் பண்ணைக்காட்டிலிருந்து அவன் அம்மா விஜயராணியின் போன் வந்தது. அங்கேயும் மழை. காப்பித் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நிற்காதாம்.

"நாளைக்கு நனைஞ்சுகிட்டு பெரட்டுக்குப் போகாதீங்கம்மா. ஒரு நாள் பேரும் கூலியும் போனா போவுது. நான் சொல்றது விளங்குதா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். நதியா அசையாமல் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னீங்க இப்ப… பெரட்டா?"

"ஆமா… எஸ்டேட்ல காலையில வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்பிடுறது. தாத்தா காலத்துல சிலோன்லருந்து வந்த வார்த்தை. எங்க எஸ்டேட் லயத்து வீட்டு ஆளுகளைத் தவிர வேற யாரும்…"

அதோடு நின்றுவிட்டான்.

"அந்தப் பேருல ஒரு லைப்ரரி இருக்கு," என்றாள் மெதுவாக. "என்ன வார்த்தைன்னு நானும் நெட்டுல தேடித் தேடிப் பாத்தேன். கெடைக்கல."

ஒரு பொய் தயாராக இருந்தது. எங்கள் பக்கத்து ஆள் எவனாவது எழுதியிருப்பான் என்று சொன்னால் போதும். அவள் நம்பியிருப்பாள். நம்ப விரும்பி அந்தக் கண்கள் அவனைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தன… அந்தப் பார்வைக்குப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"நான்தாங்க அது."

நதியா குடையின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

அவன் ஏழாவது படிக்கும்போது ஒரு விடிகாலையில் பெரட்டுக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போனாள் என்று அம்மாவுக்கு அரைநாள் பேரை வெட்டிக் கூலியைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு நேரம் என்றால் நேரம்தான். யாருக்கும் சலுகை கிடையாது. இதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தான். சொன்னால் சாக்குச் சொல்வது போலிருக்கும்.

நதியா அழவில்லை. கத்தவில்லை.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே…"

"ஆறு வாரம்! தெரிஞ்சே பக்கத்துல உக்காந்து வந்திருக்கீங்க. நான் எங்கப்பாவைப் பத்திச் சொல்லிச் சொல்லி… நீங்க தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டு…"

குடைக்கு வெளியே போனாள். விழுந்த மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற ஒரு ஜீப்பில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. அவன் காலியான குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

கொடைக்கானலுக்குத் திரும்பியதும் பூட்டி வைத்த நூற்றுப் பன்னிரண்டாம் புகாரைத் திறந்தான். உலகத்து ஆட்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதும் அந்தப் பக்கத்தில் தமிழில் எழுதினான். 'பிழை என்னுடையது. கடிகாரங்கள் மேல் தப்பில்லை. இவர்கள் சொன்னபோது நான் கேட்கவில்லை. — மகேந்திரன்.' பதில் வரவில்லை.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் மூன்று மணி பஸ்ஸில் அவள் இல்லை. காலை வண்டியிலேயே போய்விடுகிறாள் என்று கண்டக்டர் பழனிக்குமார் சொன்னார். கேட்காமலேயே சொன்னார், பார்க்கப் பாவமாக இருந்திருக்கும்.

நாலாவது சனிக்கிழமை மகேந்திரன் பூம்பாறையில் இறங்கவில்லை.

மன்னவனூர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் அவனைப் பார்த்ததும் நதியாவின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அவளுக்கே அது பிடிக்கவில்லை. கதவை ஒரு கையால் மறித்துக்கொண்டாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"உங்கப்பாவைப் பாக்கணும்."

"பாத்து என்ன செய்யப் போறீங்க? வாய் வந்துருமா? காலையில ஏழு மணிக்கு பஸ்ஸு. அதுல கெளம்பிருங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஓர் இருமல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஜீப் டிரைவர் ஞானவேல்தான் இரக்கப்பட்டுத் தன் வீட்டில் படுக்க இடம் கொடுத்தார்.

விடிந்ததும் எழுந்து கிளம்பினான். ஒழுங்காக, நேரத்துக்கு. பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது கைக்கடிகாரத்தில் ஆறு நாற்பத்தெட்டு. போனிலும் அதேதான். இன்னும் பன்னிரண்டு நிமிடம். ஆனால் அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. தூரத்து வளைவில் பஸ்ஸின் பின்பக்கம் பனிக்குள் நுழைந்து மறைந்துகொண்டிருந்தது.

டீக்கடை வாசலில் ஞானவேல் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

"ஏழு மணிக்குத்தானேண்ணே?"

"ஏழடிச்சு மூணு நிமிஷம் ஆச்சே!" டீக்கடைச் சுவரைக் காட்டினார். கடிகாரத்தில் ஏழு மூன்று. "ஊரு சனம் பூராம் இதைப் பாத்துதான் வந்து ஏறும். எல்லாரும் ஏறி உக்காந்த பொறகு டிரைவரு யாருக்காகக் காத்துக் கெடப்பாரு? அவரும் இந்தக் கடிகாரத்தைப் பாத்து வண்டிய எடுக்கப் பழகிட்டாரு. வருசக்கணக்கா இப்படித்தான். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

மகேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கடிகாரம் ரொம்பச் சரி. நொடி கூடப் பிசகவில்லை. இந்த ஊரில் சரியான நேரத்துக்கு வந்தவன் அவன் ஒருவன்தான். வெளியே தள்ளப்பட்டவனும் அவன் ஒருவன்தான். சிரிப்பு வருவது போலிருந்தது. ஒன்பது நாள் அவள் இதைத்தானே சொன்னாள்…

நேராக அவள் வீட்டுக்கு நடந்தான்.

சின்னச்சாமி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்பளித் தொப்பி, கழுத்து வரை போர்வை. வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. நதியாவின் அம்மா முருகம்மாள் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். மகேந்திரன் ஈரத் தரையிலேயே அவர் காலடியில் உட்கார்ந்தான்.

"ஐயா… உங்க பேரு சின்னச்சாமி."

அவர் கண்கள் மெதுவாக அவன் பக்கம் திரும்பின. நதியாவின் அதே கண்கள்.

"என் பேரு மகேந்திரன். உங்க மக, ஊரு கடிகாரம் முந்தி ஓடுதுன்னு எனக்கு எழுதுனாங்க. நான் கேக்கல. ஒம்போது நாள் கேக்கல. அன்னைக்கு அம்மா அமுக்க அமுக்க வெளிய தள்ளுனது நான் எழுதுனதுதான்யா. ஊரு மேலதான் தப்புன்னு சொன்னேன். தப்பு என் மேலதான்…"

குரல் உடைந்துவிட்டது. முருகம்மாளின் கையில் கஞ்சிக் கரண்டி அப்படியே நின்றது. அவள் பார்வை அவன் மேல் வெகுநேரம் நின்றது. திட்டப் போகிறாள் என்று நினைத்தான். கதவுக்குப் பின்னால் ஒரு மூச்சுச் சத்தம்… நதியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னச்சாமி இடது கையை நீட்டினார். நடுங்கும் விரல்கள் மகேந்திரனின் மணிக்கட்டைப் பிடித்தன. கடிகாரத்தை முகத்துக்கு நேராகத் திருப்பினார். பார்த்தார். நெற்றி சுருங்கியது. கடிகாரத்தின் ஓரத்திலிருந்த சாவியைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். விரல் வழுக்கியது. மறுபடி இழுத்தார். மறுபடியும் வழுக்கியது. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

"என்னங்க செய்றீங்க?" என்று குனிந்த முருகம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "பஸ்ஸ விட்டுட்டியா தம்பி?"

"ஆமாங்கம்மா."

"அதான்… முள்ளத் தள்ளி வைக்கச் சொல்றாரு."

இந்த மனிதருக்கு அவன் சொன்னது விளங்கியதா, மன்னித்தாரா… தெரியாது. எவனோ ஒரு பிள்ளை பஸ்ஸை விட்டுவிட்டானே என்ற கவலை மட்டும் அந்தக் கண்களில் தெரிந்தது. மகேந்திரன் குலுங்கிக் குலுங்கி அழுதான். முருகம்மாள் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள்.

நதியா வெளியே வந்தாள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அவர் விரலை மெல்ல எடுத்துவிட்டு, தானே அந்தச் சாவியை இழுத்தாள். பெரிய முள்ளைத் திருப்பினாள்… ஐந்து… பத்து… பதினைந்து. அழுத்தினாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் கையை அவள் விடவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. "அம்மாகிட்டகூட இதைச் சொன்னதில்ல. பழைய பெரட்டையே திரும்பப் போட்டுக்கிட்டா ஆப்பு ஓடியிருக்கும். ஒரே ஒரு வரி மாத்துனா போதும். எனக்குத் தெரியும். அப்பா விழுந்த அன்னைக்குச் சாயங்காலம், ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து, ரெண்டு நிமிஷத்துல மாத்துனேன். அந்த ஒம்போது நாளும் ஏன் மாத்தலைன்னா… நீங்க ஒத்துக்கிடணும்னு நின்னேன். நான் சொன்னதுதான் சரின்னு உங்க வாயால வரணும்னு…"

கண்ணீர் பொட்டுப் பொட்டாக அவன் கைக்கடிகாரத்தின் மேல் விழுந்தது.

"அந்த மகராசனைத் திட்டிக்கிட்டே இருந்தா, என்னைத் திட்டிக்க நேரம் இருக்காதுல்ல? அதான் திட்டிக்கிட்டே இருந்தேன்."

மகேந்திரன், உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய். அவளிடம் இனி பொய் சொல்ல முடியாது.

"ரெண்டு பேரும்தாங்க," என்றான். "பாதி பாதி."

அவள் தலையை ஆட்டினாள். மாதக்கணக்காக ஒற்றை ஆளாகச் சுமந்த பாரம்… இப்போது மறுமுனையை ஒருவன் பிடித்துக்கொண்டான். இறங்கவில்லை. ஆனாலும் மூச்சு விட முடிந்தது.

"நதியா… கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. இருந்தாலும் இதையும் மறைச்சு வச்சா நான் மனுஷனே இல்ல." நிமிர்ந்து, முதன்முறையாக அவள் கண்களை நேராகப் பார்த்தான். "பூம்பாறையில எனக்கு எப்பவோ சோலி முடிஞ்சுருச்சுங்க. உங்க பக்கத்துல உக்காந்து வரத்தான் வந்தேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு."

பனி மறுபடி இறங்கத் தொடங்கியது. பூண்டுக் காடு மறைந்தது, வரப்பு மறைந்தது. அப்பாவின் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். இந்த மனிதர் இனிப் பேசப் போவதில்லை. அவள் பெயரை இனி அவர் கூப்பிடப் போவதில்லை. அது மாறாது. எவ்வளவு சந்தோஷம் வந்தாலும் அதற்கு நடுவில் இந்த நாற்காலி இருக்கும். இது அவளுக்குத் தெரியும். இதைத் தெரிந்தவன் உலகத்தில் இன்னும் ஒருவன் இருக்கிறான்.

"மூணு சனிக்கிழமை காலை பஸ்ல வந்தேன்," என்றாள். "பக்கத்து சீட்டுல பைய வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். யாரு கேட்டும் எடுக்கல. ஏன்னு எனக்கே தெரியல."

"தெரியலையா?"

"தெரியும்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியுங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. கோவமும் இருக்கு. ரெண்டும் சேந்துதான் இருக்கும். பரவாயில்லையா?"

அவன் தலையை ஆட்டினான்.

அடுப்படியிலிருந்து முருகம்மாளின் குரல் கேட்டது. "நதியா, அந்தப் பிள்ளை ஈரத்துல உக்காந்துகிட்டு இருக்கு. உள்ள வரச் சொல்லு. ஞானவேல் எட்டு மணிக்கு கேரட் ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போறானாம். அதுல போயிக்கிடட்டும்."

"எந்த எட்டு மணிங்க?" என்று மகேந்திரன் மெதுவாகக் கேட்டான்.

நதியா அவன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். ஈரம் படிந்த கண்ணாடியில் மணி ஏழு முப்பத்தைந்து.

"இந்த எட்டு மணி."